ஏற்காடு மலையை கேமுக்குள் ஏற்றியவர்களுக்கு: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது?

சேலத்தில் வண்டி கேம் ஆடுகிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஏற்காட்டில் வந்து நிற்கும். நம்ம மலையை அப்படியே கேமுக்குள் கொண்டுவர முடியுமா, அதில் அரசுப் பேருந்தை ஏற்ற முடியுமா, ஆட்டோவில் லாரி இன்ஜினைப் பூட்டினால் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டுமா என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளில் கேள்விகள் வேறாகிவிடும். பஸ் ஏன் பறக்கிறது? மலை ஏன் படிக்கட்டாக இருக்கிறது? பிரேக் ஏன் பிடிக்கவே இல்லை?

அந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்குத்தான் இது. பெரும்பகுதி பீம்என்ஜி.டிரைவ் பற்றியது. வண்டியை வைத்து விளையாட்டாகச் சோதனை செய்ய அதைவிடத் தோதான கேம் இல்லை என்பது என் கட்சி. 2015 மே மாதத்திலிருந்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது. வண்டியை எடையுள்ள புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் கம்பிகளாகவும் பிரித்து வைத்துக்கொண்டு, வினாடிக்கு 2000 முறை கணக்குப் போடுகிறது. புள்ளிக்கு நோடு என்று பெயர், கம்பிக்கு பீம். வண்டி நசுங்குவதெல்லாம் இந்தக் கணக்கில் வந்து விழுவதுதான், யாரும் முன்கூட்டி வரைந்து வைத்ததில்லை. ஜிடிஏ 5, யூரோ டிரக் சிமுலேட்டர் 2, போனில் ஆடும் பஸ்ஸிட் (பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா) மூன்றும் கடைசியில் வரும்.

எதையும் நோண்டுவதற்கு முன்

உங்கள் வண்டியை கேமோடு வரும் கிரிட்மேப் என்ற சோதனை மேப்பில் இறக்குங்கள். அப்புறம் கேமோடு வரும் சாதாரண கார் ஒன்றை உங்கள் ஏற்காடு மேப்பில் இறக்குங்கள். கிரிட்மேப்பிலும் உங்கள் வண்டி தகராறு செய்தால் கோளாறு வண்டியில். கம்பெனி காரே உங்கள் மலையில் தள்ளாடினால் கோளாறு மேப்பில். இரண்டும் தனித்தனியாக ஒழுங்காக ஓடி, சேர்ந்தால் மட்டும் கெட்டால் டயருக்கும் தரைக்கும் நடுவில் பாருங்கள். நான்காவது ஒன்றும் உண்டு: எல்லாமே எங்கேயும் கெட்டுப்போயிருந்தால், லாஞ்சரில் இருக்கும் சேஃப் மோடில் திறந்து மாட்கள் (கேமில் நாமாகச் சேர்க்கும் வண்டி, மேப் போன்ற கோப்புகள்) இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் ஏதோ இரண்டு மாட்களுக்குள் சண்டை. பாதி மாட்களை அணைத்து, அதில் பாதி, அதில் பாதி என்று போனால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

உங்கள் மாட்களும் அமைப்புகளும் இருக்கும் யூசர் ஃபோல்டரை வேறு டிரைவில் நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மேப்பைத் திருத்தும் வேர்ல்டு எடிட்டரில் சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மலை படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது

மேப் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டிக்கொள்ளும் இடம் இது. படிக்கட்டில் இரண்டு ஜாதி உண்டு. எது என்று தெரியாமல் ஸ்மூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினால் மலை மொத்தமும் மழுங்கிவிடும், படி மட்டும் அங்கங்கே மிச்சமிருக்கும்.

கேமராவை மேலே தூக்கிப் படியின் வடிவத்தைப் பாருங்கள். படிகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து, எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருந்தால் உங்கள் ஹைட்மேப், அதாவது உயரத்தைக் கறுப்பு வெள்ளை நிறமாகக் காட்டும் படம், 8-பிட். 8-பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 நிலைகள்தான். சேர்வராயன் மலையின் உச்சி 1,620 மீட்டருக்குச் சற்று மேல்; அடிவாரத்துக்குக் கீழே 300 மீட்டரிலிருந்து எடுத்தீர்கள் என்றால் 1,320 மீட்டர் உயரத்தை 256 ஆக வெட்டுகிறீர்கள். ஒவ்வொரு படியும் ஐந்து மீட்டருக்கு மேல், அதாவது வீட்டின் ஒரு தளத்தைவிட உயரம். பஸ் அதில் முட்டி நிற்பதில் ஆச்சரியம் இல்லை. அதே மலையை 16-பிட்டில் எடுத்தால் 65,536 நிலைகள், ஒரு படி இரண்டு சென்டிமீட்டர். டயருக்கே தெரியாது.

16-பிட்டாக எடுத்த படம் எங்கே 8-பிட் ஆனது என்று தேடினால், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுமதி செய்த இடத்தில்தான் பெரும்பாலும் நடந்திருக்கும். அங்கே மூலத் தரவாகச் சேமிக்க ஒரு வாய்ப்பும், திரையில் தெரிவதைப் படமாகச் சேமிக்க இன்னொரு வாய்ப்பும் இருக்கின்றன. இரண்டாவதைத் தொட்டால் 8-பிட். போன் ஆப்பில் திருத்தினாலும், ஜேபெக்காக மாற்றினாலும் அதே கதிதான். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 2.10 முதலான பதிப்புகள் 16-பிட்டைக் கெடுக்காமல் வைத்திருக்கும்.

படிகள் வளையாமல், தரையில் கல் பதித்தது போலச் சதுரம் சதுரமாக, ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் அது இரண்டாவது ஜாதி. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த எஸ்ஆர்டிஎம் தரவைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறோம். அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரமும் முழு மீட்டரில்தான் இருக்கும், அரை, கால் கிடையாது. அதை 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாக விரிக்கும்போது பக்கத்துப் புள்ளியை அப்படியே நகலெடுக்கும் முறையைத் தேர்ந்திருந்தால் ஒவ்வொரு பழைய புள்ளியும் 15-க்கு 15 என்று ஒரு சதுரத் திண்ணையாகிவிடும். விரிக்கும்போதே, நடுவில் வரும் உயரங்களைக் கணக்கிட்டு நிரப்பும் பைலீனியர் அல்லது கியூபிக் முறையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்த பிறகு லேசாக ஒரு ஸ்மூத், அவ்வளவு போதும்.

இதையெல்லாம் செய்த பிறகும் தோட்டங்கள் உள்ள பக்கம் தரை புடைத்தாற்போல் இருந்தால் கலவரப்பட வேண்டாம். காபிக்கு நிழல் தர நட்ட சில்வர் ஓக் மரங்களில் பட்டு ரேடார் கொஞ்சம் முன்னாலேயே திரும்பியிருக்கும். மரத்தின் உயரத்தில் ஒரு பகுதி தரையோடு சேர்ந்துவிட்டது. ரோடு போகிற இடத்தில் மட்டும் தட்டிவிடுங்கள்.

மலை முள்ளம்பன்றி ஆகிவிட்டது, அல்லது நடுவில் பாதாளம்

சேலமும் ஏற்காடும் என்11இ078 என்ற ஒரே கோப்பில் அடங்கிவிடும், நமக்கு அது ஒரு வசதி. அந்தக் கோப்பை நேரடியாக, மூல எண்களாகத் திறந்தவர்களுக்கு வரும் கோளாறு இது. எஸ்ஆர்டிஎம் கோப்பில் ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட். பெரிய பைட் முதலில் வரும். நம் கணினிகளோ சின்ன பைட் முதலில் என்று படிக்கும். மாற்றிப் படித்தால் 511 மீட்டர் 65,281 ஆகிவிடும், பக்கத்தில் இருக்கும் 512 மீட்டர் 2 ஆகிவிடும். முள் முளைக்காமல் என்ன செய்யும்? திறக்கும்போது பைட் வரிசையை மாற்றிச் சொன்னால் சரியாகிவிடும். கியூஜிஐஎஸ் வழியாகத் திறந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பாதாளம் வேறு. ரேடாருக்குத் தெரியாமல் போன இடங்களில் பழைய தரவில் மைனஸ் 32,768 என்று எழுதி வைத்திருப்பார்கள். செங்குத்தான சரிவுகளின் மறைவில் இது வரும். வெற்றிடம் நிரப்பப்பட்ட பதிப்பை இறக்கிக்கொள்வதே நல்லது.

மலை ஊசி மாதிரி நிற்கிறது என்றால், ஒரு புள்ளிக்கு எத்தனை மீட்டர் என்ற இடத்தில் 1 என்றே விட்டிருப்பீர்கள். 4096 புள்ளிப் படத்துக்கு 2 மீட்டர் என்று கொடுத்தால் எட்டு கிலோமீட்டர் சதுரம் கிடைக்கும். மலைப்பாதையின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். படத்தின் பக்கம் 1024, 2048, 4096 என்ற கணக்கில்தான் இருக்க வேண்டும்.

மலை இருக்கிறது, ரோட்டைக் காணோம்

காணாது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்கிற தரவில் ஏழெட்டு மீட்டர் அகல ரோடு எப்படித் தெரியும்? ரோட்டைக் கையால்தான் வெட்ட வேண்டும், வேறு வழி இல்லை. செயற்கைக்கோள் படத்தைத் தரைமேல் விரித்துக்கொண்டு அதன்மேல் கோடு போடுங்கள். அப்புறம் கோட்டுக்குக் கீழே தரையை ரோட்டுக்கு ஏற்ப மட்டப்படுத்துங்கள்.

கோடு போடும்போது வளைவு எண்ணிக்கையில் மட்டும் கவனம் வைத்துச் சரிவை விட்டுவிடுவார்கள். மலைச்சாலைகளுக்கான நம் நாட்டு வழிகாட்டி விதிகளின்படி, சாதாரண நிலையில் 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். வேறு வழியே இல்லாத இடத்தில் நூற்றுக்கு ஏழு. கொண்டை ஊசி வளைவுக்குள் இன்னும் கறார்: 40-க்கு 1-க்கு மேல் ஏற்றம் கூடாது, உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். அதாவது வளைவு கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும், ஏற்றமெல்லாம் இரண்டு வளைவுக்கு நடுவில். கேமில் செய்த பல ஏற்காடு மேப்களில் வளைவே செங்குத்தாக இருக்கும். அதில் பஸ் ஏறாததற்கு பஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. பழைய ரோடு எல்லா இடத்திலும் இந்த விதிப்படிதான் இருக்கிறது என்று சொல்லவில்லை. தெரியாத இடத்தில் இந்த எண்களை வைத்துக்கொண்டால் ஓட்டும்போது இயல்பாக இருக்கும்.

பாலம், தடுப்புச் சுவர் போன்றவற்றுக்குள் வண்டி புகுந்து போனால் அந்தப் பொருளின் மோதல் வகையைப் பாருங்கள். மோதல் மெஷ் (மோதலுக்கென்று தனியாகச் செய்த வலைவடிவம்) என்று இருந்து, மாடலில் அப்படி ஒரு மெஷ் இல்லாவிட்டால் சுவர் வெறும் படம்தான். கண்ணுக்குத் தெரியும் மெஷ்ஷையே மோதலுக்கும் எடுத்துக்கொள் என்று மாற்றி, சேமித்து, மேப்பை மறுபடி லோட் செய்யுங்கள்.

பஸ் வளைவில் திரும்பவில்லை

கீபோர்டில் ஆடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று: வேகத்தில் ஸ்டியரிங் முழுதாக ஒடியாது. கேம் வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கும். நடைவேகத்துக்கு வந்த பிறகு ஒடித்துப் பாருங்கள்.

ஸ்டியரிங் வீல் வைத்திருப்பவர்கள் வீலின் சொந்த மென்பொருளில் எத்தனை டிகிரி, கேமின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். ஜி29 போன்ற வீல்கள் 900 டிகிரி சுற்றும். ஒரு பக்கம் 900, இன்னொரு பக்கம் 270 என்று கிடந்தால் ஒன்று பாதியிலேயே பூட்டிக்கொள்ளும், இல்லை நூலளவு திருப்பினால் வண்டி பள்ளத்தில். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

இதற்கும் மேல் திரும்பாவிட்டால் ஓட்டும் விதம். கார் ஓட்டிப் பழகியவர்கள் உள்பக்கம் ஒட்டியே பஸ்ஸையும் திருப்புவார்கள். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும், தடுப்புக் கல்லில் ஏறும். முகப்பு வளைவின் வெளிவிளிம்பு வரை போகட்டும், அப்புறம் ஒடியுங்கள். முன்சக்கரம் உங்கள் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற பஸ்களில் நீங்கள் பள்ளத்துக்கு மேல் தொங்குகிற மாதிரிதான் தெரியும். பயப்பட வேண்டாம், சக்கரம் இன்னும் ரோட்டில்தான் இருக்கிறது.

ஆட்டோ கவிழ்கிறது

இபிஷு பிஜன் என்ற மூன்று சக்கர வண்டியைத்தான் பலரும் ஆட்டோவாக மாற்றுகிறார்கள். நல்ல தேர்வு. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால், திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் எடை மூலைவாட்டில் முன்னால் பாயும். அந்த மூலையில் தாங்க ஒன்றும் கிடையாது. இது பிழை இல்லை. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள். கவிழாத ஆட்டோ வேண்டும் என்று எடையை அடிமட்டத்தில் போட்டு வைப்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அப்புறம் அதில் என்ன சுவாரசியம்?

இறக்கியவுடன் வண்டி வெடித்துப் பறக்கிறது, அல்லது நிலையின்மை என்று சொல்லி கேம் நின்றுவிடுகிறது

வண்டி தரைக்குள் பாதி புதைந்த நிலையில் பிறந்தால் புதைந்த நோடுகளைத் தரை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். வானத்துக்குப் போகும். ஏற்காடு மேப்பில் தரையைத் திருத்திய பிறகு இறங்குமிடத்தை உயர்த்த மறந்திருப்பார்கள். கேமராவை நல்ல இடத்துக்குக் கொண்டுபோய் எஃப்7 அழுத்தி வண்டியை அங்கே வரவழைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக நின்றால் இறங்குமிடம்தான் காரணம்.

கிரிட்மேப்பிலும் வெடித்தால், வண்டியின் நோடுகளும் பீம்களும் எழுதப்பட்டிருக்கும் ஜேபீம் கோப்பைத் திறக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வினாடிக்கு 2000 கணக்கு என்பது நிறையத்தான், இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. எடை குறைந்த நோடில் விறைப்பான பீமைக் கட்டினால் அது கணக்குக்குக் கணக்கு நடுவில் துடித்து, ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் எண்கள் கைமீறிப் போகும். அப்போதுதான் கேம் நிறுத்திவிட்டு நிலையின்மை என்கிறது. நோடின் எடை பாதியானால் அது தாங்கும் விறைப்பும் பாதியாகும். ஆட்டோ கூரையை இலேசாக்குகிறேன் என்று நோடு எடையைக் குறைத்துவிட்டு, ஆடாமல் இருக்கட்டும் என்று பீம் விறைப்பை ஏற்றுவது இந்தக் கோளாறுக்கு நேர்வழி. எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள், விறைப்பைக் குறையுங்கள். எந்தப் பகுதி என்று தெரியாவிட்டால் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அடங்குகிறதோ அதுதான்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இந்த ஒரு புகாருக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். மாட்டைக் கழற்றி, கேமை அழித்து, மறுபடி இறக்கி, கிராபிக்ஸ் டிரைவர் வரை மாற்றிய ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு கோளாறும் இல்லை. மலை தன் வேலையைச் செய்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. பிரேக் விட்டுப்போன அதே இடத்தில் வண்டியை நிறுத்த முடிந்தால் நிறுத்தி, வண்டியை ரீசெட் செய்யுங்கள். உடனே பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா? அப்படியானால் சூடுதான் காரணம், ரீசெட் செய்ததும் பிரேக் குளிர்ந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. பிரேக் சூட்டைக் காட்டும் ஆப் ஒன்றும் கேமிலேயே இருக்கிறது. அதைத் திரையில் வைத்துக்கொண்டு இறங்கினால் ஒவ்வொரு வளைவுக்கும் எண் ஏறுவதும், வளைவுக்கு நடுவே போதுமான அளவு இறங்காததும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 10 டன் பஸ் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 98 மெகாஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். கரண்ட் பில் கணக்கில் 27 யூனிட். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் இறங்கினால் இன்ஜின் ஒன்றும் வாங்காது.

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டிப் பழகிய என் மாமா ஒருநாள் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பதினோராவது வளைவில் நேராகப் போய்ச் சரிவில் உருண்டது.

“கியர் என்னடா போட்டிருக்க?”

“அதுவே மாத்திக்கும் மாமா.”

“மலையில அதுவே மாத்துனா அதுவே கொண்டு போய்ச் சேர்த்துரும். எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கு. பிரேக்க அமுத்திக்கிட்டே வராத, அடிச்சு விடு, அடிச்சு விடு.”

சிமுலேட்டர் கையேடு எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. பீம்என்ஜியில் கியர் முறை தொடக்கத்தில் ஆர்கேடில் இருக்கும், தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். கியூ அழுத்தி ரியலிஸ்டிக்குக்கு மாற்றி, கீழ் கியரில் பிடித்து வையுங்கள். கனரக வண்டியில் இன்ஜின் பிரேக் இருந்தால் அதையும் போடுங்கள். அப்புறம்தான் பாகங்கள் பட்டியலில் போய் உயர்தர பிரேக் பேடை மாட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறக்கிப் பார்க்கும் சோதனையையும் ஒருமுறை செய்து பாருங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நிஜத்தில் அப்படி இறக்கியவர்களுக்குத் தொப்பூரில் என்ன நடந்தது என்பது, திரையில் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

ஏறவே மாட்டேன் என்கிறது

சக்கரம் சுற்றுகிறதா, இன்ஜின் திணறுகிறதா என்று பாருங்கள். சக்கரம் சும்மா சுற்றினால் பிடிப்பு இல்லை: காலி பஸ்ஸில் எடையேற்றுங்கள், அல்லது ரோட்டுக்குக் கொடுத்திருக்கும் தரைப்பொருள் மண்ணா தாரா என்று பாருங்கள். மேலே தார்ப் படத்தை ஒட்டிவிட்டு அடியில் சேறு என்று விட்டிருப்பார்கள். இன்ஜின் திணறினால் கியர் விகிதம். வளைவில் நின்று, அரை கிளட்சில் ரொம்ப நேரம் பிடித்திருந்தால் கிளட்சும் சூடாகி வழுக்கும், அதையும் இந்த கேம் கணக்கில் வைத்திருக்கிறது.

எதிரே வரும் வண்டிகள் நம் பக்கத்தில் வருகின்றன, வளைவில் கீழே விழுகின்றன

நம் பக்கத்தில் வருவதற்குக் காரணம், இடப்பக்கப் போக்குவரத்து என்று மேப்பின் விவரக் கோப்பில் சாலை விதியாக நீங்கள் சொல்லாததுதான். விழுவதற்குக் காரணம் ரோட்டுக் கோட்டில் புள்ளிகள் போதாதது. கொண்டை ஊசி வளைவுக்கு மூன்று புள்ளி வைத்தால் தானியங்கி வண்டி அதை முக்கோணமாகப் பார்த்துக் குறுக்கே போகும். நெருக்கமாக வையுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை மரியாதை மட்டும் அவற்றுக்குத் தெரியாது, அதற்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. நீங்களே ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கேம் மெதுவாகிறது

ஜே அழுத்தி இயக்கத்தை நிறுத்துங்கள். நிறுத்தியதும் திரை வேகம் ஜிவ்வென்று ஏறினால் சுமை பிராசசரில். நிறுத்தியும் அதே மந்தம் என்றால் கிராபிக்ஸ் கார்டில். பீம்என்ஜியில் ஒவ்வொரு வண்டியும் பிராசசரில் தனித் திரெட்டில் (தனி வேலையாக) ஓடும். நாலு கோர் லேப்டாப்பில் சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலைக் கொண்டுவர முடியாது. போக்குவரத்து அமைப்பில் எளிய வண்டிகள் என்ற வாய்ப்பை இயக்கினால் கொஞ்சம் மூச்சு விடும். கிராபிக்ஸ் பக்கம் என்றால் முதலில் நிழலையும் பிரதிபலிப்பையும் குறையுங்கள், பிறகு மலையில் நட்ட மரங்களை. லேப்டாப் சார்ஜரில் இருக்க வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சித்திரை மாதச் சேலத்தில் மத்தியானம் மட்டும் மந்தம், ராத்திரி சரி என்றால் மென்பொருளில் தேடாதீர்கள்.

ஜிடிஏ 5: எடையைக் கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை

வண்டிகளின் குணத்தை எழுதி வைத்திருக்கும் ஹேண்ட்லிங்.மெட்டா கோப்பில் எடைக்கான எஃப்மாஸ் வரியை 20,000 ஆக்கிவிட்டு, ஆட்டோ ஏன் முன்பு போலவே சீறுகிறது என்று கேட்கிறார்கள். இந்த கேமில் அந்த எடை மோதலின்போது மட்டும்தான் பேசும். முடுக்கம் தனி வரியில், இன்ஜின் விசை என்ற எண்ணில் இருக்கிறது, அதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. ஆகவே 20 டன் ஆட்டோ பழைய ஆட்டோ மாதிரியே ஓடும், லாரியில் மோதினால் மட்டும் லாரி ஒதுங்கும். அது தெரிந்தே செய்தால் அருமையான விளையாட்டு.

எதை மாற்றினாலும் எதுவுமே மாறாவிட்டால் தவறான கோப்பைத் திருத்துகிறீர்கள். பிறகு சேர்க்கப்பட்ட வண்டிகளுக்குத் தனித்தனி ஹேண்ட்லிங் கோப்பு உண்டு.

நேற்று வரை ஓடிய மாட் இன்று பதிப்பு தெரியவில்லை என்று கத்தினால் கேம் அப்டேட் ஆகியிருக்கிறது, மாட்களை கேமோடு இணைக்கும் ஸ்கிரிப்ட் ஹூக் இன்னும் ஆகவில்லை. காத்திருப்பதுதான் வழி. 2025 மார்ச்சில் வந்த மேம்பட்ட பதிப்பும் பழைய பதிப்பும் வேறு வேறு, பழையதற்கு எழுதிய மாட் புதியதில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வேறு காவலுக்கு நிற்கிறது. தனி ஆட்டத்துக்கு லாஞ்சரில் அதை அணைத்துவிட்டு ஆடலாம். மாட்களோடு ஆன்லைனுக்குப் போனால் கணக்கு போய்விடும்.

யூரோ டிரக் 2: ஏற்காடு 570 கிலோமீட்டர் என்கிறது

2012-இல் வந்த இந்த கேமின் உலகம் 1:19 அளவில் சுருக்கப்பட்டது. சுருக்கியதை ஈடுகட்டத் தூரத்தைப் பெருக்கிக் காட்டும். நீங்கள் சேலம்–ஏற்காடு 30 கிலோமீட்டரை நிஜ நீளத்திலேயே போட்டால் அதையும் 19-ஆல் பெருக்கிவிடும். சென்னையைவிட ஏற்காடு தூரம்! வளைவுகளை நிஜ அளவில் வைத்து, நடுவில் உள்ள நேர்ப்பகுதிகளைச் சுருக்குவதுதான் மேப் செய்கிறவர்கள் பிடிக்கும் வழி. வளைவைச் சுருக்கினால் டிரெய்லர் திரும்பாது.

மாட் போட்டதும் கேம் மூடிக்கொண்டால் டாக்குமென்ட்ஸில் உள்ள லாக் கோப்பைத் திறந்து கடைசியிலிருந்து மேலே படியுங்கள். எரர் என்று வரும் வரிக்குப் பக்கத்திலேயே எந்த மாட் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மாட் மேனேஜரில் மேலே இருப்பது கீழே இருப்பதை மிஞ்சும். வரிசையை மாற்றிப் பார்க்காமல் மாட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

போனில் பஸ்ஸிட்

பஸ் ஸ்கின் கலைந்து, ஊர்ப்பெயர் பக்கவாட்டுக் கண்ணாடியில் வந்தால் அது வேறு மாடலுக்கு வரைந்த ஸ்கின். பஸ்ஸின் தோலை உரித்து விரித்த படத்தின்மேல்தான் ஸ்கின் வரைகிறார்கள்; மாடல் மாறினால் ஜன்னல், கதவு எல்லாம் இடம் மாறும். வெள்ளையாகவே நின்றால் படம் சரியாகப் பதியவில்லை, மறுபடி ஏற்றுங்கள்.

கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கித் திக்கிப் போனால் போன் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. உறையைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், எதிர்வண்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். இறக்கும் ஸ்கின் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போதே எந்த மாடலுக்கு உரியது என்பதையும் சேர்த்துவிட்டால், முதலில் சொன்ன கோளாறு பாதி குறையும்.